அந்த ஸ்ப்ரே எங்கம்மா? கம்ப்யூட்டரில் பிறந்த ஒரு குட்டிப் புரோட்டீனின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

   

இன்னைக்குப் பேசப்போற விஷயம் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல ஆரம்பிக்குது. அனுப்பினது நான்தான்.

2020 செப்டம்பர். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகல. வீட்டுல ஒரு மூலையில லேப்டாப், பக்கத்துல குக்கர் விசில், நடுவுல ஆபீஸ் மீட்டிங். அப்போ ஒரு செய்தி கண்ணுல பட்டது. அமெரிக்காவுல, சியாட்டில் நகரத்துல இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல, கம்ப்யூட்டர்லயே ஒரு புரோட்டீனை டிசைன் பண்ணியிருக்காங்க. அது கொரோனா வைரஸை மனுஷ செல்லுக்குள்ள நுழையவிடாம தடுக்குது. எதிர்காலத்துல மூக்குல அடிக்கிற ஸ்ப்ரேயா வரலாம். எனக்குத் தலைகால் புரியல. சாஃப்ட்வேர் வைரஸை ஜெயிச்சிருச்சு! தலைப்பைப் படிச்சேன், செய்தியில பாதியைப் படிச்சேன், உடனே ஃபேமிலி குரூப்ல போட்டேன்: "கொரோனா முடிஞ்சது. மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே வரப்போகுது. எழுதி வச்சுக்கோங்க." கூடவே மூணு ராக்கெட்.

திருச்சியில இருக்கிற எங்க பெரியப்பா அதை நிஜமாவே மனசுல எழுதி வச்சுக்கிட்டார்.

2021 மார்ச்ல 60 வயசு தாண்டினவங்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க. பெரியப்பாவுக்கு 63. பெரியம்மா ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. "ஊசி எதுக்கு? ஸ்ப்ரே வருதுன்னு நம்ம பொண்ணே சொல்லியிருக்கா, அவ இன்ஜினியர்"னு சொல்லிட்டார். அவருக்கு ஊசி மேல பயமும் இருந்துச்சு, அது உண்மை. ஆனா அந்தப் பயத்துக்கு ஒரு நல்ல சாக்கு கிடைச்சதே, அதைக் கொடுத்தது நான்.

மே மாசம் அவருக்குக் காய்ச்சல். 17 நாள் ஆஸ்பத்திரி, அதுல ஒன்பது நாள் ஆக்சிஜன். நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டார். வந்த அப்புறம் முதல் வீடியோ கால்ல, மூச்சு வாங்கிக்கிட்டே என்கிட்ட ஒண்ணு கேட்டார்: "ஏம்மா, அந்த ஸ்ப்ரே எங்கம்மா?"

கோபமா கேட்டிருந்தாகூடப் பரவாயில்லை. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டார். அன்னைக்கு ராத்திரிதான் அந்த ஆய்வுக் கட்டுரையை உட்கார்ந்து முழுசாப் படிச்சேன். இந்த எபிசோட் அவருக்கான பதில். கொஞ்சம் லேட்டான பதில்.

வைரஸ் உள்ள வர்ற வழி

முதல்ல அடிப்படை. கொரோனா வைரஸ் மேல முள்ளு முள்ளா இருக்கே, அதுதான் ஸ்பைக் புரோட்டீன். ஒவ்வொரு முள்ளும் ஒரே மாதிரியான மூணு இழை சேர்ந்து உருவானது. ஒவ்வொரு இழைக்கும் ஒரு நுனி உண்டு. அந்த நுனிதான் நம்ம செல் மேல இருக்கிற ஏஸ்-2 அப்படிங்கிற புரோட்டீனைப் பிடிக்குது. ஏஸ்-2வுக்கு உடம்புல சொந்த வேலை இருக்கு, ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கிற அமைப்புல அதுவும் ஒரு அங்கம். வைரஸ் அதைக் கதவாப் பயன்படுத்திக்குது, அவ்வளவுதான்.

சார்ஜர் கேபிளையும் போன்ல இருக்கிற போர்ட்டையும் நினைச்சுக்கோங்க. கேபிள் முனையில இறுக்கமா ஒரு மூடியைப் போட்டுட்டா அது போர்ட்டுக்குள்ள போகாது. ஸ்பைக் நுனியில அப்படி ஒரு மூடி போடணும். அதான் ஐடியா.

நம்ம உடம்பு உருவாக்குற ஆன்டிபாடிகள்ல சிலதும் இதே வேலையைத்தான் செய்யுது. அதையே தொழிற்சாலையில தயாரிச்சு மருந்தாவும் கொடுத்தாங்க. ஆனா ஆன்டிபாடி பெரிய ஆளு. ஆயிரத்து முன்னூறு அமினோ அமிலத்துக்கு மேல. பாலூட்டி விலங்குகளோட செல்களை வளர்த்து, அதுக்குள்ளதான் வழக்கமா தயாரிப்பாங்க. செலவு அதிகம், குளிர்ல வைக்கணும். 2021 மே மாசக் கடைசியில இந்தியாவுல ஆன்டிபாடி காக்டெய்ல் விற்பனைக்கு வந்தப்போ ஒருத்தருக்கான டோஸ் விலை 59,750 ரூபாய். எங்க குடும்பத்துல அந்தத் தொகையைக் கேட்டுட்டு யாரும் அடுத்த கேள்வி கேட்கல.

அப்போ, அதே வேலையைச் செய்யற, ஆனா ரொம்பச் சின்னதா, ஈ.கோலை பாக்டீரியாவுலயே மலிவா தயாரிக்கக்கூடிய ஒரு மூடி கிடைச்சா? சியாட்டில் குழுவோட கேள்வி இதுதான்.

இருபது லட்சம் டிசைன்

வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல புரோட்டீன் டிசைனுக்குன்னே ஒரு மையம் இருக்கு. தலைவர் டேவிட் பேக்கர். இந்த வேலைக்காக 2024-ல வேதியியல் நோபல் பரிசுல பாதி அவருக்குக் கிடைச்சது. மீதிப் பாதி ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும். கொரோனா மூடியை உருவாக்கின ஆய்வுக் கட்டுரையோட முதல் ஆசிரியர் லாங்ஷிங் காவ்.

புரோட்டீன்னா என்ன? 20 வகை அமினோ அமிலங்களை மணி மாதிரி கோர்த்த மாலை. எந்த வரிசையில கோர்க்கிறோமோ அதைப் பொறுத்து மாலை தானா மடிஞ்சு ஒரு வடிவத்துக்கு வரும். 56 மணி கோர்க்கணும், ஒவ்வொரு இடத்துக்கும் 20 வாய்ப்பு. எத்தனை மாலை சாத்தியம்? ஒண்ணு போட்டு பின்னாடி 72 சைபர் போட்டாலும் அதைவிடப் பெருசு. ப்ரூட் ஃபோர்ஸ் பண்ணவே முடியாது.

2020 ஜனவரியில வைரஸோட மரபணு வரிசை வெளியாச்சு. அடுத்த சில வாரங்கள்லயே ஸ்பைக்கோட முப்பரிமாண வடிவமும் வந்துருச்சு. அதை வச்சு அவங்க ரெண்டு வழியில போனாங்க.

முதல் வழி: காப்பி அடிக்கிறது. ஏஸ்-2வுல ஒரு சுருள் பகுதி இருக்கு, ஸ்பைக் நுனி முக்கியமா பிடிக்கிறது அதைத்தான். அந்தச் சுருளை மட்டும் எடுத்து, அது கலையாம நிற்க ஒரு சின்ன சட்டகத்தைச் சுத்திக் கட்டினாங்க. வைரஸுக்குப் போலிக் கதவு.

ரெண்டாவது வழி: இயற்கையில இருக்கிற எதையும் பார்க்காம, ஸ்பைக் நுனியோட மேடு பள்ளத்துக்கு எது கச்சிதமா பொருந்தும்னு முதல்ல இருந்து யோசிக்கிறது. ரொசெட்டாங்கிற அவங்க சாஃப்ட்வேர், எந்த அணு எங்க உட்கார்ந்தா பிடி இறுகும்னு கணக்குப் போட்டுப் பார்த்தது.

கம்ப்யூட்டர்ல உருவானது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட டிசைன். அதுல நல்லதாத் தெரிஞ்ச 1,18,000-க்கும் மேற்பட்ட டிசைன்களை ஆய்வகத்துல நிஜமாவே உருவாக்கி சோதிச்சாங்க.

இந்த இடத்துலதான் எனக்கு முதல் அடி விழுந்தது. "கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிருச்சு"ன்னு நான் மெசேஜ் போட்டேனே, நிஜத்துல கம்ப்யூட்டர் லட்சத்துக்கு மேல யூகம் கொடுத்துச்சு. அதுல பெரும்பாலானது வேலைக்கு ஆகல. எது வேலை செய்யுதுன்னு சொன்னது ஈஸ்ட். ஆமா, பிரெட் மாவை உப்ப வைக்கிற அதே ஈஸ்ட். ஒவ்வொரு ஈஸ்ட் செல்லுக்குள்ளயும் ஒரு டிசைனோட டிஎன்ஏவை வச்சா, அந்தப் புரோட்டீனை அது தன் மேல்தோல்ல தூக்கிக் காட்டும். ஒளிர்ற அடையாளம் வச்ச ஸ்பைக் நுனியை அதுல கலந்து விட்டா, எந்த ஈஸ்ட்ல நுனி ஒட்டுதோ அது மட்டும் ஒளிரும். ஒளிர்றதை மட்டும் ஒரு இயந்திரம் பிரிச்சு எடுக்கும். அதோட டிஎன்ஏவைப் படிச்சா எந்த டிசைன் ஜெயிச்சதுன்னு தெரிஞ்சிரும்.

அதோட நிறுத்தல. ஜெயிச்ச டிசைன்கள்ல ஒவ்வொரு மணியா கழட்டி, அந்த இடத்துல மத்த 19 வகையையும் போட்டுப் பார்த்தாங்க. எந்த மாத்தம் பிடியை இறுக்குதோ அதையெல்லாம் சேர்த்து மறுபடி ஒரு சுற்று. நம்ம வேலையில சொல்ற மாதிரி டெஸ்ட், ஃபிக்ஸ், மறுபடியும் டெஸ்ட்.

தண்ணி டேங்க்ல ரெண்டு உப்புத் துகள்

கடைசியா வந்த சாம்பியன் ரெண்டாவது வழியில பிறந்தது. பேரு எல்சிபி1. மொத்தமே 56 அமினோ அமிலம், மூணு சுருளை ஒண்ணா சேர்த்து வச்ச மாதிரி வடிவம். 2020 செப்டம்பர் 9 அன்னைக்கு சயின்ஸ் இதழ் இணையத்துல கட்டுரை வெளியாச்சு.

எவ்வளவு வலிமை? செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல (பேரு ஒரே மாதிரி இருந்தாலும் அது வேற பல்கலைக்கழகம்) மைக்கேல் டயமண்ட் குழு உயிருள்ள வைரஸை வச்சு சோதிச்சாங்க. ஆய்வகத் தட்டுல வளர்த்த செல்கள்ல தொற்றைப் பாதியாக் குறைக்க, ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 0.16 நானோகிராம் எல்சிபி1 போதும். புரியற மாதிரி சொன்னா, மொட்டை மாடியில இருக்கிற 1,000 லிட்டர் தண்ணி டேங்குக்கு 0.16 மில்லிகிராம். தூள் உப்புல ரெண்டு மூணு துகள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில பார்த்தப்போ, கம்ப்யூட்டர்ல வரைஞ்ச மாதிரியே அது ஸ்பைக் நுனியில உட்கார்ந்திருந்துச்சு. அறை வெப்பநிலையில 14 நாள் வச்சிருந்தும் ஒட்டுற திறன் குறையல.

அடுத்தது எலி. மனுஷ ஏஸ்-2 இருக்கிற மாதிரி மரபணு மாற்றின எலிகள். 2021-ல வந்த முடிவு: எல்சிபி1-ஐ இன்னும் கொஞ்சம் மேம்படுத்தி மூக்கு வழியா கொடுத்தப்போ, தொற்றுக்கு அஞ்சு நாள் முன்னாடி கொடுத்திருந்தாகூட எலிகளுக்குப் பாதுகாப்பு கிடைச்சது. தொற்றுக்குப் பிறகு கொடுத்தும் பலன் இருந்துச்சு.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு நியாயம் கிடைச்ச மாதிரி ஒரு சந்தோஷம். பார்த்தியா, நான் சொன்னது பொய்யில்லைன்னு. அடுத்த வருஷம் வந்த கட்டுரையைப் படிக்கிற வரைக்கும்.

சாம்பியன் தளர்ந்த கதை

டெஸ்ட் கேஸ்ல எல்லாம் பாஸ் ஆகி, ப்ரொடக்‌ஷன்ல விழுந்த கோடு எழுதினவங்க கை தூக்குங்க. நான் ரெண்டு கையையும் தூக்குறேன்.

எல்சிபி1 டிசைன் ஆனது 2020 ஆரம்பத்துல வந்த வைரஸுக்கு. அப்போ இருந்தது அந்த ஒரு வெர்ஷன்தான். அந்த நுனியோட ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அவ்வளவு கச்சிதமாப் பிடிச்சதாலதான் அதுக்கு அவ்வளவு வலிமை. ஆனா வைரஸ் சும்மா இருக்கல. பீட்டா, டெல்டா, 2021 நவம்பர்ல ஒமைக்ரான். ஸ்பைக்ல மட்டும் முப்பதுக்கும் மேல மாற்றங்கள், நுனியிலயே பதினைஞ்சு. உதாரணத்துக்கு, நுனியில 417-வது இடத்துல இருக்கிற அமினோ அமிலம் பீட்டாவுல மாறினது, ஒமைக்ரான்லயும் மாறினது. எல்சிபி1 பிடிச்சிருந்த பிடிகள்ல அதுவும் ஒண்ணு. பிடி தளர்ந்தது.

இது எல்சிபி1-க்கு மட்டும் நடந்தது இல்லை. 59,750 ரூபாய் காக்டெய்லும் ஒமைக்ரான்கிட்ட எடுபடல. 2022 ஜனவரியில அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதோட பயன்பாட்டைக் கட்டுப்படுத்துச்சு.

இப்போ அந்த முதல் வழி ஞாபகம் இருக்கா? ஏஸ்-2வைக் காப்பி அடிச்ச டிசைன். அதுல ஒண்ணு பேரு ஏஹெச்பி2. 75 அமினோ அமிலம். 2020 ரேஸ்ல அது எல்சிபி1-ஐவிட நூற்றுக்கணக்கான மடங்கு பலவீனம். நான் படிச்ச செய்தியில அதோட பேர்கூட இல்லை.

2022-ல வந்த ஆய்வுல, பல டிசைன்களை ஒட்டவச்சு, மூணு மூணா கோர்த்து, எது எல்லா வேரியன்ட்டையும் தாங்குதுன்னு பார்த்தாங்க. ஜெயிச்சது ஏஹெச்பி2. ஸ்பைக்குக்கு மூணு நுனி இருக்கு இல்லையா? மூணு ஏஹெச்பி2-வை முக்காலி மாதிரி இணைச்சாங்க. மூணு காலும் ஒரே நேரத்துல மூணு நுனியையும் பிடிச்சது. ஒரு கால் கொஞ்சம் வழுக்கினாலும் மத்த ரெண்டு விடாது. ட்ரை2-2ன்னு பேர் வச்ச அந்த முக்காலி, டெல்டா, ஒமைக்ரான் உட்பட அவங்க சோதிச்ச எல்லா வேரியன்ட்டையும் ஆய்வகத்துல தடுத்தது. எலிகளுக்கும் மூக்கு வழியா கொடுத்து பாதுகாப்பு கிடைச்சது.

காப்பி அடிச்சது ஏன் தாங்குச்சு? வைரஸ் தன் நுனியை எப்படி வேணும்னாலும் மாத்திக்கலாம், ஆனா ஏஸ்-2வைப் பிடிக்கிற திறனை இழக்க முடியாது. இழந்தா அது உள்ளயே வர முடியாது. அதனால ஏஸ்-2 மாதிரியே இருக்கிற ஒண்ணுகிட்ட இருந்து தப்பிக்கிறது அதுக்கு ரொம்பக் கஷ்டம். எல்சிபி1 பிடிச்சது வைரஸோட அன்னைய தோற்றத்தை. ஏஹெச்பி2 பிடிச்சது வைரஸோட தேவையை.

2020-ல ஒரு லீடர்போர்டு போட்டிருந்தா நான் ஏஹெச்பி2-ஐ முதல் ரவுண்டுலயே தூக்கி எறிஞ்சிருப்பேன். அவங்க எறியல. பலவீனமா இருந்த டிசைனையும் கட்டுரையில முழுசா எழுதி வச்சிருந்தாங்க. அதனாலதான் ரெண்டு வருஷம் கழிச்சு அது கைக்கு உதவுச்சு. அன்னையிலிருந்து ஆபீஸ்ல தோத்துப்போன அப்ரோச்சையும் டாக்குமென்ட் பண்ண ஆரம்பிச்சேன். டீம்ல திட்டுறாங்க, பரவாயில்லை.

சரி, ஸ்ப்ரே எங்க?

இப்போ பெரியப்பா கேள்விக்கு வருவோம். நான் மெசேஜ் போட்ட அன்னைக்கு இருந்தது ஆய்வகத் தட்டுல வளர்ந்த செல்கள்ல கிடைச்ச ஒரு முடிவு. தட்டுக்கும் மருந்துக் கடைக்கும் நடுவுல எலி இருக்கு, மத்த விலங்குகள் இருக்கு, நச்சுத்தன்மை சோதனை இருக்கு. அப்புறம் மனுஷங்க மேல மூணு கட்ட சோதனை. அதுலயும் இது நோய் வராம தடுக்க ஆரோக்கியமானவங்க மூக்குல அடிக்கப்போற பொருள். அப்போ பல ஆயிரம் பேர்கிட்ட சோதிச்சு, பக்கவிளைவு இல்லைன்னு காட்டணும். இது இயற்கையில இல்லாத புரோட்டீன், உடம்பு இதையே எதிரியா நினைச்சு ஆன்டிபாடி உருவாக்கினா என்ன பண்றது? அதையும் பார்க்கணும். ஒவ்வொரு கட்டமும் மாசக்கணக்கு, வருஷக்கணக்கு, பெரிய பணம்.

இந்தப் பக்கம் அதுக்குள்ள தடுப்பூசி கோடிக்கணக்கான பேருக்குப் போயிருச்சு. 2021 டிசம்பர்ல அமெரிக்காவுல பாக்ஸ்லோவிட் மாத்திரைக்கு அவசர அனுமதி கிடைச்சது. வைரஸும் வேற வெர்ஷனுக்கு மாறிடுச்சு. ட்ரை2-2 கட்டுரை வந்தப்போ கொரோனா மேல இருந்த அவசரம் குறைஞ்சு போச்சு. அந்த ஸ்ப்ரே இதுவரைக்கும் நம்ம மருந்துக் கடைக்கு வரல.

அப்போ எல்லாம் வீணா? இல்லை. அதே மையத்துல வடிவமைச்ச வேற ஒரு புரோட்டீன், ஸ்பைக் நுனிகளைப் பந்து மாதிரி சுத்திக் காட்டுற நானோ துகள். அதை வச்சு எஸ்கே பயோசயின்ஸ் தயாரிச்ச ஸ்கைகோவியோன் தடுப்பூசிக்கு 2022 ஜூன்ல தென் கொரியா அனுமதி கொடுத்துச்சு. கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணின புரோட்டீன் மனுஷங்களுக்கான மருந்தா அனுமதி வாங்கினது அதான் முதல் தடவை.

2023-ல பேக்கர் குழு ஆர்எஃப்டிஃப்யூஷன்னு ஒரு ஏஐ முறையை வெளியிட்டாங்க. படம் வரையற ஏஐ இருக்கே, அதே குடும்பம். அஞ்சு இலக்குகளை எடுத்துக்கிட்டு, ஒவ்வொண்ணுக்கும் வெறும் 95 டிசைன் சோதிச்சாங்க. மொத்தத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணு ஒட்டுச்சு. லட்சத்துல தேடின இடத்துல இப்போ நூத்துக்குள்ள. அடுத்த வைரஸ் வந்தா மூடியை டிசைன் பண்ற வேலை வேகமா முடியும். எலியும், மனுஷ சோதனையும் அதே வேகத்துல முடியாது. முடியணும்னு அவசரப்படவும் கூடாது.

பெரியப்பாவுக்கு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ இதையெல்லாம் அவர்கிட்ட சொன்னேன். திண்ணையில உட்கார்ந்து, கேபிள், போர்ட், முக்காலி எல்லாம் வச்சு. ரிட்டயர் ஆகிறதுக்கு முன்னாடி பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்தவர். எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஒர்க் ஷாப்ல ஓடுற இன்ஜினை ரோட்டுல ஓட்டிப் பார்க்காம ஓகேன்னு கையெழுத்துப் போட மாட்டோம்மா. நீ போட்டுட்ட"ன்னு சொல்லிச் சிரிச்சார். படி ஏறினா இன்னமும் அவருக்கு மூச்சு வாங்குது.

நான் அன்னைக்கு அனுப்பியிருக்க வேண்டிய மெசேஜ் இப்படி இருந்திருக்கணும்: "சியாட்டில்ல ஒரு குட்டிப் புரோட்டீன் டிசைன் பண்ணியிருக்காங்க. ஆய்வகத் தட்டுல நல்லா வேலை செய்யுது. எலிக்கே இன்னும் கொடுத்துப் பார்த்த முடிவு வரல. மருந்தா வந்தாலும் வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் மாஸ்க் போடுங்க. ஊசி வந்தா போட்டுக்கோங்க." ராக்கெட் இல்லாம.

உங்க வீட்டு குரூப்லயும் ஒரு "இன்ஜினியர்" நீங்கதான்னா, அறிவியல் செய்தியை ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாருங்க: இது தட்டுலயா, எலியிலயா, மனுஷங்ககிட்டயா? அதை மெசேஜோட முதல் வரியில எழுதிடுங்க. உங்க பேச்சை நம்பி யாரோ ஒருத்தர் முடிவு எடுக்கிறாங்க.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா உங்க பெரியப்பா, சித்தி, மாமா யாருக்காவது அனுப்புங்க. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் போடுங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம். பை மக்களே!